அவள் பெயரில் ஒரு பாத்தி

“எந்தப் பேரு?” என்று கேட்டாள் பண்ணையில் வேலை செய்யும் பெண். என் பெயரைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துச் சொன்னேன். அவள் தலையசைத்தாள். “அதில்ல சார், பாத்தி எந்தப் பேர்ல இருக்கு?” என் மனைவியின் பெயரைச் சொன்னேன். மோட்டார் அறைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். வாளி நிறையக் குச்சியில் அடித்த சின்னச் சின்னப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

“சொல்லிட்டு வந்திருந்தா நட்டு வச்சிருப்பேன்ல. திடுதிப்புன்னு வந்து நின்னா எப்படி?”

“ஆளுக்கு ஒரு பாத்தின்னு சொன்னாங்களே.”

“இருக்கறதே இது ஒண்ணுதான்.” கிணற்றை ஒட்டியிருந்த கீரைப் பாத்தியைக் காட்டினாள். “பேரை நடுவோம், போட்டோ எடுப்போம், பிடுங்கிட்டு அடுத்த பேரை நடுவோம்.”

“எங்க வீட்டுக்கு வர்ற காய்?”

“அது மார்க்கெட்லேர்ந்து லாரில வரும். இங்க பெட்டில பிரிச்சுப் போடறதோட சரி.”

காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொன்னதும் இப்படித்தான் வெளியிலேயே நின்றது. அன்று நான் அவரிடம் கேன்டீன் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டேன்.

ஒரு வருடத்துக்கும் சேர்த்து இந்தப் பண்ணைக்கு முன்பணம் கட்டியது என் மனைவிதான். வாரம் ஒரு பெட்டி காய்கறி, அவள் பெயர் நட்ட பாத்தி, கைபேசிக்கு அந்தப் பாத்தியின் போட்டோ. படுக்கையில் இருந்தபோது வருகிற நர்ஸிடமெல்லாம் கைபேசியை நீட்டுவாள். “அக்கா, கல்யாண போட்டோ காட்டுவீங்கன்னு பார்த்தா கீரையைக் காட்டுறீங்களே” என்று ஒருத்தி கேட்டாள். “கல்யாண போட்டோல இவரு வாடிப்போய் நிப்பாரு. அதுக்கு இது தேவலை” என்றாள். பெட்டியில் வந்த காயில் பாதி அழுகியிருக்கும், மீதியில் புழு இருக்கும். நான் புகார் எழுதினேன். புழு இருப்பது நல்ல அறிகுறி என்று பதில் வந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் போன பிறகு கைபேசியை அணைத்து அலமாரியில் வைத்தேன். பெட்டி மட்டும் வந்துகொண்டிருந்தது.

அவளுடைய அம்மா எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். மகள் போனதிலிருந்து அடுப்புப் பக்கமே போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், ஒரு நாள் பெட்டி வந்த சத்தம் கேட்டு எழுந்தார். அழுகலைச் செதுக்கி எறிந்துவிட்டு மீதியைச் சமைத்தார். நான் குப்பையில் போடப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். “அவ மண்ணுல விளைஞ்சது மாப்பிள்ளை. கொஞ்சம் முன்னப் பின்னதான் இருக்கும்.” அதைத் தவிர வேறு எதையும் அவர் வாயில் வைத்து நான் பார்க்கவில்லை. அடுத்த வாரத்தோடு சந்தா முடிகிறது. அதற்குள் பாத்தியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றார். கூட்டி வந்தேன். காரிலிருந்து இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அதோ வரப்பில் வந்துகொண்டிருக்கிறார்.

“சீக்கிரம் தேடுங்க” என்றேன்.

அவள் வாளியைக் கவிழ்த்தாள். பலகைகளைப் புரட்டி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். “இதுதான்.” அதில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. புதுப் பெயின்ட். அதற்கடியில் என் மனைவியின் பெயர் தழும்புபோலப் புடைத்துத் தெரிந்தது.

“ரொம்ப நாள் போட்டோவைத் திறந்தே பார்க்கலைன்னா பலகையை வேற ஆளுக்கு எழுதிடச் சொல்வாரு முதலாளி. வீணாக் கிடக்கக் கூடாதுல்ல.”

கைபேசியை அணைத்தவன் நான்.

“வர்றது உங்க அம்மாவா?”

“அவ அம்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். வரப்பைப் பார்த்தாள். மோட்டார் அறை ஜன்னலிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து நீட்டினாள். “பின்பக்கம் சும்மாதான் இருக்கு. நீங்களே எழுதிடுங்க. நான் எழுதினா கோணிக்கும்.”

மண்டியிட்டு, பலகையைத் தொடைமேல் வைத்து எழுதினேன். என் மனைவியின் பெயரை நான் கடைசியாக எழுதியது ஆஸ்பத்திரிப் படிவத்தில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக. இப்போதும் எழுத்துகள் அப்படியே தள்ளித் தள்ளி விழுந்தன. அந்தப் பெண் பலகையை வாங்கிப் பாத்தியின் தலைமாட்டில் குத்தி, குதிகாலால் மண்ணை மிதித்து இறுக்கினாள். மற்றதையெல்லாம் வாளிக்குள் அள்ளிப்போட்டு, வாளியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

அத்தைக்கு மூச்சு வாங்கியது. “இதுவா?”

“இதுதான் அத்தை.”

என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கீரையைத் தடவிப் பார்த்தார். “நல்லாத்தான் வச்சிருக்கா” என்றார். பிறகு பலகையில் இருந்த பெயரை எழுத்தெழுத்தாக விரலால் தடவிக்கொண்டே போனார். கடைசி எழுத்து கலைந்தது. கையை இழுத்து விரல் நுனியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் கிணற்றைப் பார்த்தாள்.

“வேணுங்கிறதைப் பறிச்சுக்கங்கம்மா” என்றாள்.

“மாப்பிள்ளை, வண்டில பை இருக்கு. எடுத்துட்டு வாங்க.”

வெள்ளை படிந்த அந்த ஒற்றை விரலை எதிலும் படாமல் நீட்டிப் பிடித்தபடி, அத்தை மற்றக் கையால் கீரையை வேரோடு பிடுங்கிப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.