ஆட்டுக்குப் பறித்த துத்தி

பெட்டியை மூடும் முன் எல்லோரும் வியாகுலமேரியின் நெற்றியில் முத்தமிட்டார்கள். அவள் கணவர் மரியலூர்து கடைசியாகக் குனிந்தார். நிமிர நேரம் பிடித்தது.

"உக்காருங்க மாமா. காலையிலேர்ந்து நிக்கிறீங்க." மைத்துனன் ஜோசப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இருக்கட்டும்டா."

"அண்ணி மேல உசுரு அவருக்கு," என்றாள் ஜோசப்பின் மனைவி சகாயராணி, பக்கத்தில் இருந்தவளிடம். "ஒக்காரவே மாட்டேங்கிறாரு பாரு."

கோயிலிலும் நின்றார். கல்லறைத் தோட்டத்தில் எல்லோருமே நின்றார்கள். அங்கே யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

அவருக்குப் பன்னிரண்டு வருடமாக மூல நோய். உட்கார்ந்தால் குத்தும். டாக்டரிடம் காட்ட வெட்கம். வியாகுலமேரி தினமும் விடிந்ததும் முந்திரித் தோப்பு ஓரத்தில் துத்தி இலை பறித்து வருவாள். விளக்கெண்ணெயில் வதக்கிப் பழைய வேட்டித் துணியில் வைத்துக் கொடுப்பாள். யார் கேட்டாலும் ஆட்டுக்கு என்பாள். தம்பி குடும்பத்திடமும் அதேதான்.

ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு நாளும் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "ஆட்டுக்குப் பறிச்சீங்களா?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். பறிக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் சகாயராணி தோப்புப் பக்கம் போய் முந்தானை நிறையத் துத்தியோடு திரும்பினாள்.

"வாயில்லா ஜீவன். அண்ணி இல்லன்னு பட்டினி கெடக்கக் கூடாதுல்ல?"

ஆட்டின் முன்னால் கொட்டினாள். ஆடு முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, நேற்றைய பலாக் கிளையில் மிச்சமிருந்த காம்பைக் கடித்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா." சகாயராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "தெனம் திங்கிறதையே தொட மாட்டேங்குது. அதுக்கும் தெரிஞ்சி போச்சி."

ஜோசப் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பந்தல் பிரிக்க வந்தவர்கள்கூட நின்று ஆட்டைப் பார்த்தார்கள்.

மரியலூர்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியாகுலமேரியிடம் சொல்ல அடுப்பங்கரை வாசல்வரை போனார். அங்கேயே நின்றார்.

"நாங்க வேணா ரெண்டு நாள் இருக்கட்டா மாமா?" பின்னால் வந்து ஜோசப் கேட்டான்.

"எதுக்கு. புள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கு. கெளம்புங்க."

ஆறு மணிக் கடலூர் பஸ்ஸுக்கு அவர்களும் போனார்கள். பிள்ளையில்லாத வீடு. ஆடு மட்டும் கத்தியது.

அதன் காலடியில் கிடந்த இலைகளைப் பொறுக்கி, மண்ணை ஊதி, துண்டில் போட்டுக்கொண்டார். உள்ளே போய் விளக்கைப் போட்டார். அலமாரியில் ஏழெட்டு எண்ணெய் பாட்டில்கள் இருந்தன. ஒன்றிலும் பெயர் எழுதியிருக்கவில்லை.

ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து முகர்ந்தார்.