தூங்குகிறவரின் மூக்குக்கண்ணாடி

கப்பல் சமையல்காரன் அன்று மாலை கிளம்ப வேண்டும். போனால் திரும்ப ஏழெட்டு மாதம் ஆகும். அதற்குள் இருவருமாக ஆடிவந்த கணினி விளையாட்டின் முடிவைப் பெண்டாட்டியோடு சேர்ந்து பார்த்துவிட வேண்டும் என்று துடியாய்த் துடித்தான். பெட்டி பாதி அடுக்கிய நிலையில் வாயைப் பிளந்து கிடந்தது. கட்டிலில் லேப்டாப்; அதன் முன்னால் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சுடுவது வெட்டுவது எல்லாம் இதில் கிடையாது. ஒரு தீவு, ஒரு கலங்கரை விளக்கம், ஏகப்பட்ட பூட்டுகள். கண்ணில் பட்டதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, எதை எதோடு சேர்த்தால் எது திறக்கும் என்று மூளையைக் கசக்க வேண்டும். அவளுக்குப் பிடித்ததே அதுதான். துருப்பிடித்த கரண்டிக்கும் அறுந்த கயிற்றுக்கும்கூட அங்கே ஒரு வேலை காத்திருக்குமே! உதவாதது என்று எதுவும் அந்த உலகத்தில் இல்லை.

கடைசியில் விளக்கைப் பற்றவைக்கும் இடத்தில்தான் வண்டி நின்றுபோனது. வெயில் இருக்கிறது, அதைக் குவிக்க ஒரு கண்ணாடி வேண்டும். கீழே நாற்காலியில் காவல்காரக் கிழவர் குறட்டை விடுகிறார், மூக்கில் தடித்த கண்ணாடியோடு.

"எடுடி."

"மாட்டேன். முழிச்சா அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. படியில தடுக்கி விழுந்தா?"

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். பழையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, புதியது வரும்வரை காற்றைத் துழாவும் கைகளைத் தினமும் பார்ப்பவள்.

"அடியே, அது வெறும் படம்! இதே தீவுல மீன்காரம்மாவோட கத்திய நீ திருடினப்ப எங்க போச்சு இந்த மனசு?"

"கத்தி இல்லன்னா அவங்களுக்குக் கண்ணு தெரியாமலா போகும்?"

பாட்டில், பனிக்கட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக முயன்றாள். 'இது ஒத்துவராது' என்றே விளையாட்டு சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. அதைத் தாங்க முடியாமல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிழவரின் மூக்கில் ஒரு தட்டு தட்டினாள்.

கண்ணாடி பைக்குள் வந்து விழுந்தது. விளக்கு எரிந்தது. படகு கரைக்கு வந்தது. ஏறினால் முடிவு. ஆனால் அவள் திரையில் விறுவிறுவென்று படியிறங்கிக் கிழவரிடம் ஓடினாள். கண்ணாடியை மூக்கில் மாட்டிப் பார்த்தாள், கையில் வைத்துப் பார்த்தாள். இது ஒத்துவராது. இது ஒத்துவராது.

"திருப்பிக் குடுக்க வழியே வைக்கல போலடி. ஏறிடலாம் வா."

"இவரை இப்படி விட்டுட்டு எப்படிங்க படகு ஏறுறது?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வந்த சிரிப்பு பாதியில் நின்றது. விளையாட்டை அப்படியே சேமித்துவிட்டு, எழுந்துபோய்ச் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தான்.

"படகு எங்கயும் ஓடிடாது. நான் வந்தப்புறம் ரெண்டு பேருமா ஏறிக்கலாம். ஆனா கிழவர் முழிச்சா உடனே எனக்குச் சொல்லணும். நடுக்கடல்ல இருந்தாலும் சரி."

"முழிச்சா முதல்ல உங்களத்தான் திட்டுவாரு," என்றபடி அவள் மறுபடி விளையாட்டைத் திறந்து, கண்ணாடியைக் கிழவரின் சட்டைப்பையில் வைத்துப் பார்த்தாள்.