பரிமாறி முடித்த பிறகு

கரண்டியைச் சோற்றுப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு, புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு மருமகள் குளியலறைக்கு ஓடினாள். கதவைச் சாத்தக்கூட நேரமில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த மாமனாருக்கும் அவள் புருஷனுக்கும் எல்லாம் கேட்டது.

மாமனார் கையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியுதா இந்த வீட்டுல? தினம் இதே கச்சேரி."

"மாத்திரை போட்டியாம்மா?" என்று மாமியார் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். பதில் வராது என்று தெரிந்தே கேட்கிற கேள்வி அது. புருஷன்காரன் தலையைக் குனிந்துகொண்டு, "டாக்டர்கிட்ட சொல்லி வேற மாத்திரை எழுதச் சொல்றேன்" என்றான். பிறகு அவள் விட்டுப்போன கரண்டியை எடுத்து மாமியார் பரிமாற, சாப்பாடு தொடர்ந்தது.

அவர்களுக்கு அவள்மேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டபோது வீடே ஆடிப்போனது. வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே பையை மாட்டி டயாலிசிஸ் செய்துகொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், பழைய சாமான் அறையை ஒழித்து வெள்ளையடித்தார்கள். ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டார்கள். கை கழுவத் தனிக் குழாய், பையைத் தொங்கவிடச் சக்கரம் வைத்த ஸ்டாண்டு, முகமூடிப் பெட்டி, எதிலும் குறை வைக்கவில்லை. "சொந்த மகளுக்குக்கூட யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மாமனாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டு, கேட்காததுபோல நடந்துபோவார்.

அவர்கள் செய்யாதது ஒன்றே ஒன்றுதான். அவளுக்கு முன்னால் ஒரு தட்டை வைத்து, 'நீ முதலில் சாப்பிடு' என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் பெண்கள் பரிமாறி முடித்த பிறகுதான் சாப்பிடுவார்கள். முதலில் மாமனார், கூடவே மகன், பிறகு மாமியார், கடைசியில் மருமகள். யாரும் உத்தரவு போட்டதில்லை. யாரும் போடாத உத்தரவை யாரிடம் போய் எதிர்ப்பது?

அவள் வேலை செய்யும் தையல் கம்பெனியில் கதை வேறு. அங்கே அவள்தான் கட்டிங் மாஸ்டர். துணி அடுக்கை மேஜைமேல் விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு அவள் தலையாட்டினால்தான் தையல்காரர்களுக்கு வேலை. ஆறடி உயர இஸ்திரிக்காரர்கூட "மாஸ்டர், கொஞ்சம் பாருங்க" என்று பக்கத்தில் வந்து நிற்பார். பெரிய ஆஸ்பத்திரி மெஷின் வேண்டாம், வயிற்று வழியே போதும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததே அந்த மேஜைக்காகத்தான். மெஷின் என்றால் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். மூன்று நாள் வராத மாஸ்டரை வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது. "உனக்காகத்தான் பொறுத்துக்கிட்டு இருக்கேன்" என்று முதலாளி ஏற்கெனவே வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

இப்போது அந்த மேஜைக்குத்தான் ஆபத்து. வயிற்றில் விடுகிற மருந்துத் தண்ணீர், இரத்தத்தில் இருக்கிற அழுக்கோடு சத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. போனதைச் சாப்பிட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். அவளோ சாப்பிட்டதையெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். சட்டை தோளில் தொங்கியது. "எடை இப்படியே இறங்கினா மெஷினுக்கு மாத்த வேண்டியதுதான். அடுத்த தடவை வரும்போது முடிவு பண்ணிடலாம்" என்றார் டாக்டர்.

"சாப்பாடெல்லாம் எப்படி?" என்றும் அவர் கேட்டார்.

"நேரத்துக்குச் சாப்பிடுறா சார். ஒரு குறையும் இல்ல" என்று புருஷன் பதில் சொன்னான். கேள்வி அவளிடம் கேட்கப்பட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் மாத்திரைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். எலுமிச்சைத் தோலைக் கைக்குட்டையில் மடித்து முகர்ந்தாள். காய்ந்த ரொட்டித் துண்டைக் கொறித்தாள். ஐஸ் கட்டியை நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டு பரிமாறினாள். வாயில் எந்நேரமும் இரும்புத் துண்டைச் சப்புகிற ருசி. எண்ணெய் காய்கிற வாசனை வந்தாலே குடல் புரண்டது. இருந்தும், மத்தியானம் கம்பெனியில் அவள் ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை. சாயங்காலம் வீட்டில்தான் எல்லாம். ஏன் என்று யோசித்துக்கொண்டே ஒரு நாள் துணி வெட்டினாள். சட்டைக் கழுத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தவள், காரணம் பிடிபட்டுச் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

கம்பெனியில் மத்தியானம் நூல் அறையில் பையை மாட்டியதும், வயிற்றிலிருந்து பழைய தண்ணீர் வடிகிற நேரத்தில் அங்கே வைத்திருக்கும் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு இஸ்திரி மேஜைக்கு வருவாள். அங்கே உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிடுவாள். வயிறு காலியாகிக்கொண்டே வரும், சோறு உள்ளே போகும். பிறகுதான் நூல் அறைக்குத் திரும்பிப் புதுத் தண்ணீரை ஏற்றிக்கொள்வாள். வீட்டிலோ, "உன் பை மாத்துற வேலைய முதல்ல முடிச்சிட்டு வந்து பரிமாறு" என்பார்கள். அவள் இரண்டு லிட்டர் தண்ணீரை வயிற்றில் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள், குனிவாள், நிமிர்வாள், எல்லாரும் எழுந்த பிறகு உட்காருவாள். ஏற்கெனவே நிறைந்த பானையில் மேலும் ஊற்றினால் வழியாமல் என்ன செய்யும்?

அன்று வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னாள். அவன் முழுவதும் கேட்டான். நல்லவன்தான், அதுதான் கஷ்டம்.

"சரி, நீ சொல்றது நியாயம்தான். ஆனா அப்பா இன்னும் வரல. அவருக்கு முன்னாடி நீ மேஜையில உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"எனக்கு நல்லா இருக்கும்."

"விளையாடாத. ஒண்ணு பண்ணு. அந்த ரூமுக்குள்ளயே கதவச் சாத்திக்கிட்டுச் சாப்பிட்டுடு. யாருக்கும் தெரியாது. அப்புறம் வந்து எப்பவும் போலப் பரிமாறு. கடைசியில பேருக்கு ரெண்டு வாய் வச்சுக்க."

"பையை மாத்துற ரூமுக்குள்ள சாப்பாடு கொண்டுபோகக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்கல்ல?"

"கொஞ்ச நாளைக்குத்தானே? சுத்தமாத் துடைச்சிடு."

அப்படித்தான் சொந்த வீட்டில் அவள் திருட்டுச் சோறு தின்னத் தொடங்கினாள். மாமியாருக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்தாள். தட்டை ஒரு துணியால் மூடி உள்ளே எடுத்துப் போவாள். ஸ்பிரிட் வாசனையில், ஜன்னல் சாத்திய புழுக்கத்தில், ஒரு காதை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு மென்றும் மெல்லாமலும் விழுங்குவாள். செருப்புச் சத்தம் கேட்டால் தட்டு மேஜைக்கு அடியில் போய்விடும். அந்த அவசரத்தில் சோறு எப்படி வயிற்றில் தங்கும்? பாதி நாள் அதுவும் வெளியே வந்தது. எத்தனை துணியை அளந்து வெட்டியிருக்கிறோம், ஒரு தட்டுச் சோற்றை ஒளித்துவைக்க இடம் தேடுகிறோமே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு நாள் மதியத்துக்குமேல், ஆஸ்பத்திரியிலிருந்து டயாலிசிஸ் நர்ஸ் அறையைப் பார்வையிட வந்தாள். அவளுக்காகவே மருமகளும் அவள் புருஷனும் வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பியிருந்தார்கள். நர்ஸ் சுவரைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், "பிரமாதமா வச்சிருக்கீங்க" என்றாள். மாமியார் முகம் மலர்ந்தது. நர்ஸ் பைகள் அடுக்கிய அட்டைப்பெட்டியை நகர்த்தினாள். சுவர் ஓரமாக எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. எறும்பின் வழியே குனிந்து பார்த்தவள், மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து வெளியே வைத்தாள்.

"யாரு இங்க சாப்பிடுறது?"

புருஷன் காலண்டரில் தேதி பார்த்தான்.

"அவதான் சிஸ்டர்" என்றாள் மாமியார். "நோய்க்காரி, பசி தாங்க மாட்டா. நாங்க ஒண்ணும் சொல்றதில்ல."

நர்சுக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! எறும்பு ஏறின கையோட குழாயத் தொட்டா கிருமி நேரா வயித்துக்குள்ள போகும். உயிருக்கே ஆபத்துன்னு தெரியாதா உங்களுக்கு? அவ்வளவு பெரிய மேஜை வெளிய இருக்கு. அங்க உக்காந்து சாப்பிட என்ன?"

"வெளிய உக்காந்தா நான்தான் கடைசி சிஸ்டர்" என்றாள் மருமகள். குரல் உயரவில்லை. "எல்லாருக்கும் பரிமாறி முடிச்ச பிறகுதான் என் தட்டு. அதுக்குள்ள வயித்துல ரெண்டு லிட்டர் ஏறிடுது. கம்பெனியில வடியும்போதே சாப்பிட்டுடுறேன், அங்க வாந்தி இல்ல. இங்க சாப்பிட்டா வாந்தி. வாந்திக்கு மாத்திரை. அதான் இங்க ஒளிஞ்சு சாப்பிடுறேன்."

நர்ஸ் புருஷனைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள்.

"இதுக்காகவா ரெண்டு தடவை மாத்திரையக் கூட்டினோம்?" என்றாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "கம்பெனியில செய்யிற மாதிரியே இங்கயும் செய்யுங்க. பையை இங்க மாட்டிட்டு, ஸ்டாண்டை வெளிய தள்ளிட்டுப் போய் வடியும்போது சாப்பிடுங்க. முடிஞ்சதும் கைய நல்லாக் கழுவிட்டு உள்ள வாங்க. சோத்துப் பருக்கை ஒண்ணுகூட இந்த வாசப்படியத் தாண்டக் கூடாது."

நர்ஸ் போனதும் மாமியார் வெடித்தாள். "வீட்டு மானத்த நர்சுகிட்டக் கொண்டுபோய்க் கொட்டணுமா? பத்தியமா ஏதோ ரெண்டு வாய்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு."

"அது பத்தியம் இல்ல அத்தை. சோறு."

மருமகள் அறையைக் கிருமிநாசினி போட்டுக் கழுவித் துடைத்தாள். சாயங்காலம் அது காய்ந்ததும் உள்ளே போய்ப் பையை மாட்டினாள். பிறகு முகமூடியைக் கழற்றிவிட்டு, ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். ஸ்டாண்டின் அடித்தட்டில் கிடந்த பையில் மஞ்சள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தனக்கே ஒரு தட்டு வைத்து, தனக்கே பரிமாறிக்கொண்டாள். முதல் வாயை மெதுவாக மென்றாள்.

மாமனார் உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"என்ன இது?"

"சாப்பிடுறேன் மாமா. உங்களுக்கும் வைக்கச் சொல்லட்டுமா? கை கழுவிட்டு வாங்க."

"பொம்பள தின்னு முடிச்ச மேஜையில நான் உக்காரணுமா?" அவர் தன் அறைக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டார்.

பிறகு பார்க்க வேண்டுமே அந்த வீட்டை! மகன் கதவைத் தட்டினான், கெஞ்சினான். "அப்பா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் படுங்கப்பா." மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்று, "பெரியவர் வெறும் வயித்தோட படுத்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று அங்கலாய்த்தாள். மாதக்கணக்காக ஒருத்தி உண்டதையெல்லாம் கக்கிக்கொண்டிருந்தபோது எட்டிப்பார்க்காத தெரு, ஒரு மனிதர் ஒரு வேளை சாப்பிடாததற்கு வாசலில் கூடியது.

அவள் சாப்பிட்டு முடித்தாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் புதுத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அப்பா பட்டினி கிடக்கிறாரு. உனக்கு எப்படித்தான் சோறு இறங்குது?" என்றான் புருஷன்.

"இறங்குச்சு. உள்ளயே இருக்கு. அத மட்டும் இந்த வீட்டுல யாரும் கவனிக்கல."

அவன் மறுபடி கதவைத் தட்டப் போகவில்லை. வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பிவிட்டு அங்கேயே நின்றான்.

மாமியார் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. கை உதறியது. சர்க்கரை வியாதிக்கான சாயங்கால மாத்திரையை எப்போதும்போல விழுங்கியிருந்தாள். தன் புருஷன் சாப்பிடாமல் தான் எப்படிச் சாப்பிடுவது என்று நின்றுவிட்டாள். மருமகளுக்கு ஒரே பார்வையில் விளங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு, தட்டில் சோற்றை வைத்தாள்.

"உக்காருங்க அத்தை. மாத்திரை போட்டுட்டு இப்படி நின்னா விழுந்துடுவீங்க."

"அவரு இன்னும் சாப்பிடலையே."

"நீங்க சாப்பிடுங்க."

"அவரு பாத்துட்டா?"

"அவருதான் கதவச் சாத்திக்கிட்டாரே."

மாமியார் கதவைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, தாழ்போட்ட கதவுமேல் வைத்த கண்ணை எடுக்காமல், முதல் வாயைச் சத்தம் வராமல் மென்றாள்.