நான்காம் நாள் தட்டு

இரண்டு வருடம் மூன்று மாதமாக அக்கா ஊரைவிட்டு நகரவில்லை. அவளைக் கட்டிப்போட்டிருந்தது ஒரு கிருமி என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆஸ்பத்திரி லேபில் எல்லாருக்கும் அவள் அக்காதான். லாரி டிரைவர் ஒருவரின் காலில் ஆறாத புண்ணிலிருந்து அவள் எடுத்து வளர்த்தது அது. இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம். லேப் ஃப்ரீசரில் வைத்தால் செத்தது. கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் ஐந்து நாள் தாண்டவில்லை. ஆகவே ஞாயிறோ காய்ச்சலோ, நான்காம் நாள் வந்துவிட்டால் கம்பியால் தொட்டுப் புதுத் தட்டில் தீற்றிவிட வேண்டும்.

பெயர் செல்லுபடியாக, இரண்டு நாடுகளில் உள்ள இரண்டு கிருமி வங்கிகள் அதை உயிரோடு வாங்கிக்கொண்டு சான்றிதழ் தர வேண்டும். ஒரு வங்கி தந்துவிட்டது. இன்னொன்று மூன்று முறை எழுதிவிட்டது: வளரவில்லை, மறுபடி அனுப்பவும்.

"உன் கையிலதாம்மா அது வளருது" என்பார் லேபின் தலைவரான பேராசிரியர். "என் பேரை நானே வச்சுக்கக் கூடாது. அதான் அதுக்கு உன் பேரை வைக்கிறேன்."

உடன் வேலை பார்க்கும் மீசைக்காரர் அதை வளர்க்க இரண்டு தடவை முயன்றார். இரண்டு தடவையும் தட்டு வெறிச்சோடிக் கிடந்தது. "உங்க கைக்கு ராசி இல்லண்ணே" என்று அக்காவே கிண்டலடித்தாள்.

கைராசி ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும். தட்டின் மூடியைத் திறந்து அரைமணி நேரம் காயவைக்க வேண்டும் என்று பேராசிரியர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதியவள் அவள்தான். முதல் வாரமே, அவசரத்தில் காயவைக்காமல், பிஸ்கட் டப்பாவில் ஈரப் பஞ்சோடு வைத்துவிட்டாள். மளமளவென்று வளர்ந்தது. முதலில் பயத்தில் சொல்லவில்லை. பிறகு பாராட்டு வந்தது. அதன்பின் வாய் வரவில்லை. அந்த நோட்டைப் பார்த்தே மீசைக்காரரும் இரண்டாவது வங்கியும் காயவைத்தார்கள்; முதல் வங்கி தன் சொந்த முறையில் வளர்த்திருந்தது.

ஒரு நாள் மதியம் வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தாள்.

"அம்மா, பிரசவம் இருபத்திரெண்டாம் தேதின்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வருவியா, மாட்டியா?"

"நாலு நாளைக்கு ஒரு தடவை தட்டு மாத்தணும்டி..."

"ஊர்ல எல்லா அம்மாவும் பேரப்பிள்ளைக்குப் பேரு தேடுவாங்க. நீ புண்ணுல வர்ற புழுவுக்குப் பேரு வச்சுக்கிட்டு உக்காந்திரு."

"புழு இல்லடி, பாக்டீரியா."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

சாயங்காலம் இரண்டாவது வங்கியிலிருந்து நான்காவது கடிதம். இன்னும் ஒரே ஒரு முறை பார்ப்பார்களாம். பேராசிரியர் அவளைப் பார்த்து, "இன்னும் ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்க" என்றார். ஆறு மாதம் என்றால் நாற்பத்தைந்து தட்டு. அக்கா நோட்டை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"சார், நோட்டுல இருக்கிறது பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த வரி?"

"ஏழாவது. நான் தட்டைக் காயவைக்கிறதே இல்ல. ஈரப் பஞ்சு போட்டு டப்பால வைக்கிறேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா."

அவர் கத்தியிருந்தால் தேவலை. கிருமிக்குப் பெயர் சூட்டும் கட்டுரையின் பிரதியை எடுத்து, அவள் பெயர் இருந்த இடத்தில் மெதுவாகக் கோடு கிழித்து, ஈரத்தை விரும்புவது என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லை எழுதினார். "நோட்டைத் திருத்தி வங்கிக்கு அனுப்பு. அப்புறம் எங்க வேணாலும் போ."

அவள் எதிரிலேயே மீசைக்காரர் ஈரத் தட்டில் தீற்றினார். மூன்றாம் நாள் வெள்ளைப் புள்ளிகள் வந்தன.

"இதுக்கா என்னை ராசி கெட்டவன்னு சொன்னீங்க, அக்கா?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிஸ்கட் டப்பாவை அவர் பக்கம் தள்ளிவிட்டு டிக்கெட் எடுக்கப் போனாள்.

மகளைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, வலது கை விரல்கள் கம்பியைப் பிடிப்பதுபோல் தாமாகவே குவிந்தன. நான்காம் நாள். அவள் இடது கையால் போனை எடுத்து மீசைக்காரரை அழைத்தாள்.

"தட்டு மாத்தியாச்சா, அண்ணே?"

"காலையிலயே மாத்தியாச்சு. நீங்க இல்லாமயே ஜம்முனு வளருது. நிம்மதியா இருங்க."

இதைக் கேட்கத்தானே கிளம்பி வந்தாள்?

"யார்கிட்டம்மா பேசுறே?" உள்ளிருந்து மகள் கேட்டாள்.

"யாருமில்லடி" என்று எழுந்தாள். விரல்கள் இன்னும் விரியவில்லை.