கந்தகம் விழுந்த பிள்ளை

பிரிசில்லா டீச்சருக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். ஜார்ஜ்டவுன் தமிழ்ச் சபையில் எல்லாருக்கும் இது தெரியும். அன்று காலை அந்த மூக்கைப் பார்த்ததுமே பாதிப் பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஓய்வுநாள் பள்ளியின் ஆண்டு விழா அது. வாரநாட்களில் பாயான் லெப்பாஸ் வட்டாரத்துக் கணினிச் சிப் தொழிற்சாலையின் இரசாயனக் கூடத்தில் வேலை பார்க்கும் பிரிசில்லாதான், 'கர்த்தர் படைத்த தனிமங்கள்' என்று இந்த வருடத் தலைப்பை வைத்திருந்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு தனிமமாக, அணு எண் வரிசைப்படி மேடையேறிப் பேச வேண்டும். யாருக்கு எது என்பதற்கு அந்தச் சபையின் வழக்கம், ஜெபம் பண்ணிச் சீட்டுக் குலுக்குவது. சீட்டில் விழுந்தது கர்த்தருடைய சித்தம், அதற்குமேல் பேச்சில்லை. ஜெபித்துக் குலுக்கியவர் மூப்பர் தயாளன். போன ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்த லோகேஸ்வரியின் மகள் தனுஷாவுக்குக் கந்தகம் விழுந்தது.

அந்தப் பிள்ளை மாங்கு மாங்கென்று மனப்பாடம் செய்து, மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். இப்போது போய் மூப்பர் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்.

"சோதோமை எரிச்சது என்ன? கந்தகம். நரகத்துல எரியிறது என்ன? கந்தகம். அதைப் பீடத்துக்கு முன்னால நிக்க வெச்சு கை தட்டச் சொல்றீங்களா டீச்சர்?"

"சீட்டு குலுக்கினப்ப ஏன் அங்கிள் வாயைத் திறக்கல?"

"அப்ப தோணல லா. சரி, அந்தப் பிள்ளைக்கும் தங்கமே குடுத்திருவோம். ரெண்டு பேர் தங்கமா வரட்டுமே."

"தங்கத்துலதானே கன்னுக்குட்டி செஞ்சு கும்பிட்டாங்க? வெள்ளிக் காசுக்குத்தானே யூதாஸ் ஆண்டவரைக் காட்டிக் குடுத்தான்? அதெல்லாம் மேடை ஏறலாம், கந்தகம் ஏறக் கூடாதா? எல்லாத்தையும் படைச்சு நல்லதுன்னு சொன்னவரு, கந்தகத்தை மட்டும் பிசாசுகிட்ட இரவல் வாங்கினாரா?"

மூப்பர் மைக்கைச் சரிபார்க்கப் போய்விட்டார். பிரிசில்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய குடும்பத்துப் பேத்திக்குக் கந்தகம் விழுந்திருந்தால் இந்த மனிதர் சோதோம்வரை போயிருப்பாரா? கேட்க நாதியில்லாத பிள்ளை என்றால் சித்தமும் மாறும், சீட்டும் மாறும் போலிருக்கிறது.

கடைசி பெஞ்சில் தனுஷா விசும்பிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நாங்க புதுசா வந்தவங்களாம். பழைய பாவம் இன்னும் விடலையாம். அதான் எனக்கு நரகம் விழுந்துச்சுன்னு ஒரு ஆன்ட்டி சொல்றாங்க. நெஜமாவா?"

லோகேஸ்வரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "நாங்க வீட்டுக்குப் போறோம் டீச்சர்." இன்றைக்கு இந்த வாசலைத் தாண்டினால் தாயும் மகளும் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

"ஒக்காருங்கக்கா. என்னை நம்பி ஒக்காருங்க."

விழா தொடங்கியது. மூப்பர்தான் அறிவிப்பாளர். பாஸ்பரஸ் பேசி இறங்கியதும், கந்தகம் என்று ஒன்று உலகத்திலேயே இல்லாததுபோல், குளோரினைக் கூப்பிட்டார்.

பிரிசில்லா எழுந்து நின்றாள். "பாஸ்பரசுக்கும் குளோரினுக்கும் நடுவுல கர்த்தர் ஒண்ணு வெச்சிருக்காரு. அதைத் தாண்டிப் போக நமக்கு யாரு அதிகாரம் குடுத்தா? தனுஷா, மேல போம்மா."

போதகர் மூப்பரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிள்ளையைப் பார்த்து வா என்று தலையசைத்தார். தனுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையேறினாள்.

"நான் கந்தகம். வெங்காயம் வெட்டுறப்ப உங்களை அழ வைக்கிறது நான்தான். உங்க முடியில, நகத்துலகூட நான் இருக்கேன். சர்க்கரை வியாதிக்குப் போடுற இன்சுலின்ல ரெண்டு சங்கிலி இருக்கு. அது ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிறது நான்தான். நான் விட்டுட்டா அந்த ஊசி வேலை செய்யாது."

அத்தோடு பாடம் முடிந்தது. பிள்ளை இறங்கவில்லை. டீச்சர் சொல்லித்தராத ஒன்றைச் சொன்னாள்.

"என்னையும் கர்த்தர்தான் படைச்சாரு."

லோகேஸ்வரிதான் முதலில் கை தட்டினாள். பிறகு ஒவ்வொருவராகத் தட்டினார்கள். பிரிசில்லா தட்டவில்லை. அவள் கோபம் இன்னும் ஆறவில்லை, மூப்பரையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் மைக்கைப் பிடித்திருந்த அவருடைய மறு கை, சட்டைக்கு மேலே தொப்புள் பக்கம் போய் நின்றிருந்தது. அவர் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிற இடம் அது. குளோரின் பையன் மேடைப் படியில் காத்திருந்தான். மூப்பர் இன்னும் அவனைக் கூப்பிடவில்லை.