மாங்காய் வரிசையைக் கலைத்தவர்கள்

சித்தூர் ரோட்டு ஜூஸ் பேக்டரிக்கு அன்றைக்கு முதலில் வந்தது என் டிராக்டர்தான். முதல் டோக்கன் எனக்குத்தான் போட்டார்கள். தோதாபுரி மாங்காய். வருஷத்துக்கு ஒரே காய்ப்பு, அதை விற்றால்தான் வீட்டில் உலை. வெயிலில் நின்றால் அடிக்காய் நசுங்கி ஒழுகிவிடும்.

டோக்கன் நம்பரைக் காட்ட கேட்டில் மாட்டியிருந்த டிவியோ எனக்குப் பின்னால் வந்தவனையெல்லாம் கூப்பிட்டது. குடிபாலா ஊர்க்காரன் பச்சையப்பன் மத்தியானம் வந்தான், நேராக உள்ளே போனான்.

"எவனுக்குடா காசு குட்த்த?"

"போ மாமா, எனக்கே ஒண்ணும் புரியல" என்று சிரித்துக்கினு போய்விட்டான். நான் நம்பவில்லை.

மறுநாளும் நின்றேன். வண்டியிலிருந்து புளித்த தண்ணீர் சொட்டியது. வாயைத் திறந்தால் ஈ உள்ளே போகிறது. காறித் துப்பிக்கினே நின்றேன்.

நாங்கள் போட்ட கூச்சலில், அந்த டோக்கன் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதின ஹயக்ரீவன் திருப்பதியிலிருந்து காரில் வந்து இறங்கினான். நெற்றியில் நாமம் கலையவில்லை.

"தாத்தா, நான் எழுதினதுல ஒரு எழுத்து மாத்தலை. நான் எழுதற கம்ப்யூட்டர் பாஷையையே மாத்திட்டா."

"ஆரு சாமி மாத்தனது?"

"எந்தெந்த தேசத்துலயோ இருக்கா. வரிசைப்படுத்தற வேலையை அவா எழுதிவெச்ச புரோகிராம்தான் பண்றது. ஒரே நாள், ஒரே ரகம்னா அதுக்கு எல்லா வண்டியும் சமம். முன்னாடியெல்லாம் சமமானதை வந்த வரிசையிலேயே விட்டுடும். வேகமா ஓடணும்னு இப்போ மாத்திட்டா. கலைச்சுப் போட்டுடறது. போன வாரம்தான் புதுசை ஏத்தினேன்."

"மாத்தனத உங்கிட்ட சொல்லலியா?"

"எழுதித்தான் போட்டிருக்கா. அத்தனையும் யார் படிக்கறா?"

"தூ! படிக்காத தற்குறி நானு. உனுக்கு இன்னா கேடு?"

அவன் செக்யூரிட்டி ரூமில் உட்கார்ந்து பழையதையே திரும்ப ஏற்றினான். டிவியில் என் நம்பர் முதலில் வந்தது. "பாத்தேளா, சரியாயிடுத்து!" என்றான், வரம் கொடுத்தவன் மாதிரி.

உள்ளே போனேன். காய் பார்க்கிற ஆள் கையை விட்டான். மணிக்கட்டு வரைக்கும் கூழ். என் வண்டியிலேயே துடைத்தான்.

"பெத்தாயனா, பெரியவரே, அழுகிப்போச்சு. வெளியே கொட்டிடு."

ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டினேன். ஹயக்ரீவன் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கினு கிட்டே வந்தான்.

"அடுத்த வருஷம் இப்படி ஆகாது தாத்தா."

"அடுத்த வருஷம் அவங்க இன்னாத்த மாத்துவாங்கன்னு தெரியுமா உனுக்கு?"

"தெரியாது."

"அப்ப வாயையும் மூடிக்கினு போ."

அடியில் ஒட்டியிருந்ததை மண்வெட்டியால் வழித்துத் தள்ளினேன்.