பொய்ச் சூரியகாந்தி

மண்ணாங்கட்டிக்கு அந்தப் பேர் வைத்ததே எமனை ஏமாற்றத்தான். அவனுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதற்கு மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தால் எமன் மதித்துத் தூக்கிக்கொண்டு போக மாட்டான் என்று குப்பத்தில் சொன்னார்கள். எமன் ஏமாந்தான். ஆனால் மற்றவர்களும் அந்தப் பேரை அப்படியே நம்பிவிட்டார்கள். எண்ணூர்க் கம்பெனித் துரையின் பங்களாவில் பதினோரு வருஷம் தோட்டவேலை செய்தும் அவன் டெம்பரரிதான். வெள்ளைக்காரன் ராஜ்யம் போய் நாலு வருஷமாகியும் கம்பெனித் துரை போகவில்லை; இவனுடைய டெம்பரரியும் போகவில்லை.

பெர்மனெண்டு ஆக வேண்டும் என்று அவன் தவித்தது கூலிக்காக அல்ல, ஆஸ்பத்திரிக்காக. பங்களா மதிலுக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. நாலு கட்டில், ஒரு நர்ஸம்மா. பெர்மனெண்டு ஆள் பித்தளை டோக்கனைக் காட்டினால் அவன் பெண்டாட்டிக்கு அங்கே பிரசவம் பார்ப்பார்கள். மண்ணாங்கட்டியின் மனைவி பூவம்மாவுக்கு முதல் பிள்ளை நெட்டுக்குப்பத்துக் குடிசையில் கொடி சுற்றிப் பிறந்து செத்தது. இரண்டாவது, ராயபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஜட்காவிலேயே பிறந்தது. திருவொற்றியூர் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டது. இப்போது மூன்றாவது.

"இந்தத் தபா அந்த மதிலுக்கு அந்தாண்டதான் பெத்துப்பேன்யா. ஜட்காவுல ஏற மாட்டேன்" என்று பூவம்மா சொல்லிவிட்டாள்.

போன கோடையில் துரைசானி குன்னூரிலிருந்து ஒரு கூடை வேர்க்கட்டை கொண்டுவந்து நடச் சொல்லியிருந்தாள். பட்லர் வேதமாணிக்கம் நாசரேத்துப் பக்கத்துக்காரர். துரைசானியின் இங்கிலீஷைத் தோட்டத்துக்குத் தமிழாக்கிக் கொடுப்பது அவர்தான். "பொய்ச் சூரியகாந்தி வே. பார்த்தா சூரியகாந்தி மாதிரி இருக்கும், சூரியகாந்தி இல்ல" என்றார். இடுப்பு உயரம் வளர்ந்தது. இலை பூனை நாக்கு மாதிரி சொரசொரத்தது. வைகாசி வெயிலில் ரோஜாவும் டேலியாவும் கருகிக் கிடக்க, இது மட்டும் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது.

ஐப்பசி பிறந்ததும் அத்தனையும் காய்ந்து குச்சியானது. தான்தான் கொன்றுவிட்டோம் என்று மண்ணாங்கட்டி துரைசானி முன்னால் போய் நின்றான். துரைசானி சிரித்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள். வருஷா வருஷம் வேரிலிருந்து துளிர்க்கிற செடிக்கு அவர்கள் சொல்லும் 'பெரனியல்' என்ற சொல் இரண்டு தரம் வந்தது. வேதமாணிக்கத்தின் இங்கிலீஷ் சூப்பில் தொடங்கிப் புட்டிங்கில் முடிந்துவிடும்; அந்தச் சொல் அதற்குள் இல்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ள அவருடைய தலைப்பாகை இடம் தரவில்லை.

"செத்தாப்புல கெடக்கும், சாகாதாம். வேருக்குக் குளிர் படணுமாம். கோடைக்குத் திரும்பப் பூத்துச்சின்னா, பெர்மனெண்டு" என்றார்.

யார் பெர்மனெண்டு என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. எழுவாய் இல்லாத வாக்கியம் கிடைத்தால் ஏழையின் ஆசை அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணாங்கட்டியின் ஆசையும் உட்கார்ந்துகொண்டது.

அதற்கப்புறம் அவன் அந்த வேர்களைப் பார்த்துக்கொண்ட மாதிரி பெற்ற தாய்கூடப் பார்க்க மாட்டாள். அடைமழையில் கழிமுகம் பொங்கி உப்புத்தண்ணீர் தோட்டத்துக்குள் வந்துவிடும் என்று எல்லாவற்றையும் தோண்டிச் சட்டிகளில் வைத்து, மோட்டார் கொட்டகையில் செங்கல் அடுக்கி ஏற்றினான். மழை ஓய்ந்ததும் குளிருக்கு எங்கே போவது என்ற கவலை வந்தது. மெட்ராஸ் மார்கழி மனுஷனுக்கே பத்தாது, குன்னூர் வேருக்கு எப்படிப் பத்தும்? பூவம்மாவின் தம்பி தண்டபாணி ராயபுரத்தில் மீன் கூடைகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறவன். சிந்திய தூளை எல்லாம் அவனிடம் கேட்டு வாங்கி, மரத்தூளில் புதைத்து, கோணியில் கட்டி ரயிலேறினான் மண்ணாங்கட்டி.

"இன்னா மாமா, மீனு கெட்டுப்பூடும்னு ஐஸ் வெப்பாங்க. மண்ணு கெட்டுப்பூடும்னு வெக்கிற ஆளு நீ ஒருத்தன்தான்" என்று தண்டபாணி சிரித்தான்.

"சிரிடா. உங்கக்கா புள்ளை அதுலதான் கீது" என்றான் மண்ணாங்கட்டி. தண்டபாணி சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டான்.

தை முடிகிறவரை வாரத்துக்கு இரண்டு நடை. பூவம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, விரல் மரத்துப்போக ஐஸை நொறுக்கி வேரைச் சுற்றிப் பரப்பிக் கொடுப்பாள். ஆனால் பிள்ளைக்கென்று ஒரு துணி எடுத்து வைக்கவில்லை. முந்தி இரண்டு தரமும் பழைய புடவைகளைத் துவைத்துக் கிழித்து மூட்டை கட்டி வைத்தாள். இரண்டு மூட்டையும் கழிமுகத்துத் தண்ணீரோடு போயிற்று. "நீ பெர்மனெண்டு ஆவு, அப்பால கட்டிக்கிறேன்" என்பாள்.

பங்குனியில் மண்ணைப் பிளந்துகொண்டு பச்சை மூக்குகள் வந்தன. மண்ணாங்கட்டி சட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை, வாய்விட்டே அழுதான். பாத்தியில் இறக்கி நட்டு, சவுக்குக் குச்சி ஊன்றிக் கட்டினான். பூவம்மாவுக்கு மாதம் நிறைந்த வைகாசியில், ஒரு காலை வேளை, பாத்தி முழுக்க மஞ்சளாயிற்று.

துரைசானி ஓடிவந்து பார்த்துக் கைதட்டினாள். மண்ணாங்கட்டி தனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷை எடுத்தான்: "அம்மா, பெர்மனெண்டு?"

அவள் முகமெல்லாம் சிரிப்பாக, "யெஸ், யெஸ்! பெரனியல்!" என்றாள்.

அவன் காதில் இரண்டும் ஒன்றுதான். சேற்றிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவள் பதறிப்போய், ஒரு பூவைக் கிள்ளி அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பூவோடு நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தான். அங்கே கம்பவுண்டர் டோக்கன் எங்கே என்றார். பெர்மனெண்டு ஆட்களின் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் பார்த்தார். மண்ணாங்கட்டி என்று யாரும் இல்லை.

பங்களாவின் பின்வாசலில் வேதமாணிக்கம் ஸ்பூன் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"உன்னைய யாருவே சொன்னா? செடியைல்லா சொன்னேன்! தோட்டக்காரனுக்குப் பெர்மனெண்டாவது மண்ணாங்கட்டி..." என்றவர், எதிரே நிற்பவன் பேரே அதுதான் என்று உறைக்க, பாதியில் நிறுத்தினார். துணியைப் போட்டுவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வந்தார். தலைப்பாகை கையில் இருந்தது.

"கேட்டேன் வே. தோட்டத்துக்கு அப்படி ஒரு உத்தியோகமே கெடையாதாம். அடுத்த மாசம் துரையும் அம்மாவும் கப்பலேறுதாங்க. புதுசா வாரவரு பார்த்துக்கிடுவாராம்."

"புள்ளத்தாச்சிக்கு ஒரு நாளுக்கு மட்டும் கட்டில் கேட்டியா, ஐயா?"

"அதையும் கேட்டேன். ஒருத்தருக்குத் தொறந்தா குப்பமே வந்து நிக்குமாம்." வேதமாணிக்கம் தரையைப் பார்த்தார். "அந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது வே. தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

மண்ணாங்கட்டி திரும்பிப் பாத்தியைப் பார்த்தான். பூக்களின் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. அவை சொன்னபடி செய்துவிட்டன. சொல்லாத ஒன்றை நம்பி மார்கழியும் தையும் ஐஸ் சுமந்தவன் அவன்தான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், கையில் வாடுகிற பூவோடு வீட்டுக்கு நடந்தான்.

பூவம்மா வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண் முதலில் பூவுக்குப் போயிற்று.

"பூத்துட்ச்சா?"

"பூத்துட்ச்சு."

"அப்போ... ஆயிட்ச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஜட்காவில் போன பிள்ளைக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்த்ததில்லை. தொண்டையில் வந்த சொல் மாறிப்போயிற்று.

"ஆயிட்ச்சு."

பூவம்மா அந்தப் பூவை வாங்கித் தலையில் செருகிக்கொண்டாள். கொடியில் கிடந்த பழைய புடவைகளை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்து மடித்தாள். சிரித்துக்கொண்டே மூட்டை கட்டினாள்.

"வலி எட்த்தா நேரா உள்ள பூடலாமாய்யா? யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களே?"

"யாரும் கேக்க மாட்டாங்க, மே" என்றான் மண்ணாங்கட்டி.

அவள் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கி, மூட்டையை வாசலோரம் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.